கேமிங்கும் ஸ்ட்ரீமிங்கும்: பழைய ஏஎம்4 கணினிக்கு எந்த பிராசசர் பொருந்தும்?

2019-க்கும் 2021-க்கும் இடையில் கேமிங்குக்கென்று கணினி அசெம்பிள் செய்தவர்களில் பலர் ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசரையும் ஏஎம்4 என்ற சாக்கெட்டும் (பிராசசர் அமரும் இடம்) பி450 சிப்செட்டும் கொண்ட மதர்போர்டையும் சேர்த்தே வாங்கினார்கள். ஆறு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை வரிசைகள்), 65 வாட், பெட்டியோடு வரும் கூலர் என்று அந்த விலைக்கு அது நிறைவான பிராசசர். விளையாட மட்டும் என்றால் இன்றும் பலருக்கு அது போதும். விளையாடிக்கொண்டே யூடியூபிலோ ட்விட்ச்சிலோ நேரலை செய்யத் தொடங்கும்போதுதான் அதன் எல்லை தெரிய வருகிறது. விளையாட்டு அவ்வப்போது திக்குகிறது, பார்ப்பவர்கள் படம் விட்டுவிட்டு வருகிறது என்கிறார்கள், கடைக்காரர் பன்னிரண்டு கோர் பிராசசரைப் பரிந்துரைக்கிறார், நண்பர்கள் மதர்போர்டோடு எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

இந்த இரண்டு ஆலோசனைகளையும் ஏற்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும் என்பது என் கருத்து. இப்படிப்பட்ட கணினிக்கு இன்று பொருத்தமான மாற்றம், அதே மதர்போர்டில் அமரும் எட்டு கோர் பிராசசர்தான். கிடைக்குமானால், கூடுதல் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) கொண்ட எட்டு கோர் பிராசசர். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவை எவை என்பதும் முக்கியம்.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், குறை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். நேரலையை அனுப்பப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளில் ஸ்டேட்ஸ் என்ற சிறிய சாளரம் ஒன்று இருக்கிறது. நேரலை செய்கிற பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதில் மூன்று எண்கள் தனித்தனியாகக் காட்டப்படுகின்றன. ரெண்டரிங் தாமதத்தால் தவறிய பிரேம்கள் (காணொளியின் தனித்தனிப் படங்கள்) என்ற எண் ஏறிக்கொண்டே போனால், கிராபிக்ஸ் கார்டு முழுவதையும் விளையாட்டே எடுத்துக்கொண்டு ஓபிஎஸ்ஸுக்குக் காட்சியைக் கோக்க இடம் விடவில்லை என்று பொருள். என்கோடிங் தாமதத்தால் விடப்பட்ட பிரேம்கள் ஏறினால், காணொளியைச் சுருக்கும் வேலை நேரத்துக்குள் முடியவில்லை என்று பொருள். அந்த வேலையை பிராசசரிடம் கொடுத்திருந்தால் குறை பிராசசரில் இருக்கிறது. மூன்றாவதான நெட்வொர்க்கில் விடுபட்ட பிரேம்கள் இணைய இணைப்பின் அப்லோடு வேகத்தைப் பொறுத்தது. உலகின் மிக வேகமான பிராசசரை வாங்கி வைத்தாலும் அது தீராது. இந்த மூன்றும் பார்ப்பவரின் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரித் திக்கலாகத் தெரிவதால், நெட்வொர்க் கோளாறுக்கு பிராசசர் வாங்குவதும், கிராபிக்ஸ் கார்டின் நெருக்கடிக்கு ராம் வாங்குவதும் சாதாரணமாக நடக்கிறது.

விளையாட்டின் பக்கத்தையும் இதேபோல் சோதித்துப் பார்க்கலாம். ரெசல்யூஷனையும் கிராபிக்ஸ் தரத்தையும் நன்றாகக் குறைத்து, அதே காட்சியில் பிரேம் விகிதம் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். கணிசமாக உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில்தான் இருந்தது. அசையாமல் அதே இடத்தில் நின்றால் பிராசசரோ ராமோதான் தடை. டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த பிராசசர் சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. பன்னிரண்டு திரெட்டுகளில் ஒன்றிரண்டு மட்டும் முழுச் சுமையில் திணறிக்கொண்டிருக்க, மொத்தக் கணக்கு ஐம்பது, அறுபது சதவீதத்தையே காட்டும். பிராசசரில் இன்னும் இடம் இருக்கிறது என்ற தவறான நம்பிக்கையை அது தந்துவிடும்.

இந்தச் சோதனையைச் செய்கிறபோதே ராமின் வேகத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. 3200 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் டிடிஆர்4 ராம், பயாஸில் (கணினியைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருள்), ராமைக் குறித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காத வரை 2133 அல்லது 2400 அல்லது 2666-இல்தான் ஓடும். ரைசன் பிராசசர்களின் உள்பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ராமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால், இங்கே இழக்கும் வேகம் இரட்டிப்பாக உறைக்கும். ஒரே ஒரு ராம் போட்டு ஒற்றைச் சேனலில் ஓடும் கணினியிலும் இதே கதைதான். செலவே இல்லாமலோ சிறிய செலவிலோ சரிசெய்யக்கூடிய இவற்றை விட்டுவிட்டு பிராசசரை மாற்றுவது முறையல்ல.

ஸ்ட்ரீமிங் என்றாலே கோர்களின் எண்ணிக்கை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்வரை தரமான நேரலைக்கு எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடரே வழி. அது முழுக்க பிராசசரில் ஓடும். வெரிஃபாஸ்ட் என்ற சுமை குறைந்த அமைப்பில் ஓரளவு தாங்கும் ஆறு கோர் பிராசசர், படத்தரம் கூடிய மீடியம் அமைப்புக்குப் போனால் விளையாட்டையும் நேரலையையும் சேர்த்தே நிறுத்திவிடும். அன்றைக்குப் பன்னிரண்டு, பதினாறு கோர் என்பது நியாயமான ஆலோசனை. 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு என்விடியா தன் என்வென்க் என்கோடரைப் புதுப்பித்த பிறகு நிலைமை மாறிவிட்டது. கிராபிக்ஸ் கார்டுக்குள் தனிச் சில்லுப் பகுதியாக இருக்கும் அந்த என்கோடர், ட்விட்ச் பரிந்துரைக்கும் 6000 கேபிபிஎஸ் பிட்ரேட்டிலேயே (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) எக்ஸ்264-இன் நடுத்தர அமைப்புகளுக்கு ஈடான படத்தைத் தருகிறது. பிராசசருக்கு அதனால் ஏற்படும் சுமை மிகச் சிறியது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசையும், இன்டெலின் ஆர்க் கார்டுகளும் ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவத்திலும் என்கோடு செய்யும். யூடியூப் அதை ஏற்றுக்கொள்கிறது, அதே பிட்ரேட்டில் படம் இன்னும் தெளிவாக இருக்கும்.

ஆகவே உங்களிடம் ஆர்டிஎக்ஸ் 2060-ஓ 3060-ஓ இருந்தால் என்கோடிங்குக்காக ஒரு கோர்கூட அதிகம் வாங்க வேண்டியதில்லை. மாறாக, கார்டே பலவீனமானது என்றால் பிராசசருக்கு முன்பு அதைத்தான் கவனிக்க வேண்டும். சாதாரண ஜிடிஎக்ஸ் 1650 புதிய தலைமுறைக் கார்டுதான் என்றாலும், தொடக்கத்தில் வெளிவந்த வடிவில் முந்தைய தலைமுறை என்கோடரே இருக்கிறது. 1650 சூப்பரில் புதியது இருக்கிறது. பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு, நேரலை செய்பவருக்கு அது பெரிய வேறுபாடு. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை நேரலைக்காக யாரும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அதில் வன்பொருள் என்கோடரே கிடையாது. அதோடு அது, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால் பிசிஐஇ 3.0 மட்டுமே கொண்ட பி450 மதர்போர்டில் விளையாட்டிலும் பின்தங்கும்.

என்கோடிங் வேலை கார்டுக்குப் போன பின் பிராசசருக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். விளையாட்டின் கணக்குகள் அனைத்தும் மிச்சம். அவற்றோடு ஓபிஎஸ், அதற்குள் அறிவிப்புகளைக் காட்டும் பிரவுசர் சோர்ஸ்கள், டிஸ்கார்டு, மைக்கின் இரைச்சலை நீக்கும் வடிகட்டி, இன்னொரு திரையில் திறந்திருக்கும் குரோம் ஆகியவையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஆறு கோர் பிராசசரில் விளையாட்டே ஆறையும் கேட்கிறபோது இவை குறுக்கே வந்து விழுகின்றன. சராசரி பிரேம் விகிதம் பெரிதாகக் குறையாமல் இருக்கும்; நொடிக்கு நொடி அதன் சீர்மைதான் கெடும். எனவே நேரலை செய்பவர் ஒப்பீடுகளைப் படிக்கும்போது சராசரி எண்ணைவிட, மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களைக் கணக்கிடும், ஒரு சதவீதத் தாழ்நிலை என்று குறிப்பிடப்படும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு கோருக்குப் போவதன் மதிப்பு அங்கேதான் தெரியும்.

இனி அதே மதர்போர்டில் அமரும் பிராசசர்களுக்கு வருவோம். 2020 நவம்பரில் வந்த ஜென் 3 கட்டமைப்பே இங்கே பெரிய பாய்ச்சல். 3600-இல் ஆறு கோர்கள் மூன்று மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் 16 எம்பி எல்3 கேஷ் தரப்பட்டிருக்கிறது. ஒரு பிரிவின் கோர் மற்றதன் கேஷில் இருக்கும் தகவலைப் பெறச் சுற்றிப் போக வேண்டும். ஜென் 3-இல் எட்டு கோர் வரை ஒரே பிரிவு, 32 எம்பியும் அனைவருக்கும் பொது. விளையாட்டுகளுக்கு இந்த மாற்றம் கிளாக் வேகம் கூடியதைவிடவும் அதிகமாக உதவியது. இந்த வரிசையில் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600 ஆறு கோர். விளையாட மட்டும் செய்கிறவருக்கு மலிவான, நல்ல தேர்வு. அதே சமயத்தில் வந்த ரைசன் 7 5700எக்ஸ் எட்டு கோர், பதினாறு திரெட், 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம், 65 வாட். சுமாரான பி450 மதர்போர்டின் மின்பகுதிகூட இதைச் சிரமமின்றித் தாங்கும், சிறிய கூலரே போதும். கேமிங்கும் ஸ்ட்ரீமிங்கும் செய்கிற, பட்ஜெட் குறைவாக உள்ள ஒருவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

அதற்கு மேல் செலவழிக்க முடிந்தால் எக்ஸ்3டி என்று முடியும் பிராசசர்கள் இருக்கின்றன. வழக்கமான எட்டு கோர் சில்லின் மேல் 64 எம்பி கேஷை இன்னொரு அடுக்காக ஒட்டி, மொத்தம் 96 எம்பி எல்3 கேஷ் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுகள் அடுத்தடுத்து கேட்கும் தகவல் ராம் வரை போகாமல் பிராசசருக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் காத்திருப்பு குறைகிறது, பிரேம்களின் இடைவெளி சீராகிறது. முதலில் வந்தது 2022 ஏப்ரலில் 449 டாலர் விலையில் 5800எக்ஸ்3டி. 2024 ஜனவரியில் 249 டாலருக்கு 5700எக்ஸ்3டி வந்தது. இரண்டாவதன் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ்தான், முதலாவது 4.5 வரை போகும். காகிதத்தில் பெரிதாகத் தெரியும் இந்த இடைவெளி விளையாட்டில் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் வேலையைச் செய்வது கேஷ். விமானம் ஓட்டும் சிமுலேட்டர்கள், ஃபேக்டோரியோ போன்ற கட்டமைப்பு விளையாட்டுகள், நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும் ஆன்லைன் விளையாட்டுகள் ஆகியவற்றில் பலன் மிக அதிகம். எல்லா விளையாட்டுக்கும் ஒரே அளவு பலன் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. உயர்ந்த ரெசல்யூஷனில், கார்டு ஏற்கெனவே முழுச் சுமையில் ஓடும் ஒரு கதை விளையாட்டில் 5700எக்ஸ்-க்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். காணொளி எடிட்டிங், சுருக்குதல் போன்ற வேலைகளில் 5700எக்ஸ்3டி குறைந்த வேகத்தால் 5700எக்ஸைவிடச் சற்றுப் பின்தங்கவும் செய்யும்.

இந்த இரண்டு எக்ஸ்3டி பிராசசர்களும் இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான் உண்மையான குறை. கிடைக்கிற இடத்தில் விலை ஏறியிருக்கும். அப்படிப்பட்ட நிலையில், 5700எக்ஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்கப்பட்டால் விட்டுவிடுவதே சரி. அந்த மீதிப் பணம் நல்ல கூலருக்கோ மைக்குக்கோ போகட்டும். பயன்படுத்திய பிராசசரை வாங்குவதென்றால், ஏஎம்4 பிராசசர்களின் அடியில்தான் பின்கள் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். நேர்வரிசையில் இருந்து ஒரு பின் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும்.

பன்னிரண்டு கோர் 5900எக்ஸும் பதினாறு கோர் 5950எக்ஸும் யாருக்கு? நேரலை முடிந்ததும் அதே கணினியில் மணிக்கணக்கான காணொளியை எடிட் செய்கிறவருக்கு, முப்பரிமாணக் காட்சி உருவாக்குகிறவருக்கு, ஏதோ ஒரு காரணத்தால் எக்ஸ்264-ஐயே பயன்படுத்த வேண்டியவருக்கு. இவற்றில் கோர்கள் இரண்டு தனிச் சில்லுகளில் இருப்பதால், விளையாட்டின் வேலை இரண்டுக்கும் இடையில் சிதறும்போது தாமதம் சேரும். விளையாட்டில் எட்டு கோர் எக்ஸ்3டி இவற்றைத் தாண்டிவிடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. மேலும் 105 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்4 பிராசசர்கள் சாக்கெட்டிலிருந்து 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. மின்பகுதியில் ஹீட்சிங்க் இல்லாத மலிவு பி450 மதர்போர்டில், கோடையில் அறையே 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சென்னை, மதுரை போன்ற ஊர்களில், மணிக்கணக்கில் அந்தச் சுமையை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

முழுக்க மாற்றிவிடுவது என்றால் முதலில் எண்ண வேண்டியது ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5. 2022 செப்டம்பரில் வந்த இந்தத் தளத்துக்கு மதர்போர்டும் புதிது, டிடிஆர்5 ராமும் கட்டாயம். ஆறு கோர் ரைசன் 5 7600 விளையாட்டில் சராசரியாக 5800எக்ஸ்3டியை ஒட்டியே நிற்கிறது. அதாவது பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றுக்கும் செலவழித்துவிட்டு, பழைய மதர்போர்டில் ஒரே ஒரு பொருளை மாற்றியவர் நிற்கும் இடத்துக்கே வந்து சேர்கிறோம். 2023 ஏப்ரலில் வந்த 7800எக்ஸ்3டிக்கோ 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டிக்கோ போனால்தான் தெளிவான முன்னேற்றம் உண்டு. அந்த முன்னேற்றம் திரையில் தெரிய, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரோ மேல்தட்டு கிராபிக்ஸ் கார்டோ வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருப்பவர் 9800எக்ஸ்3டி வாங்கினால் அதன் பெரும்பகுதி சும்மா கிடக்கும். ஏஎம்5-இன் உண்மையான பலம் எதிர்காலம்: 2027-க்கும் அப்பால் அந்தத் தளத்துக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆனால் 2025-இன் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக உயர்ந்துவிட்டது. கையில் ஏற்கெனவே 16 அல்லது 32 ஜிபி டிடிஆர்4 வைத்திருப்பவருக்கு, அதைத் தூக்கி வைத்துவிட்டு டிடிஆர்5 வாங்க இது நல்ல நேரமல்ல.

இன்டெல் பக்கம் போவதில் ஒரு வசதி உண்டு. 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ1700 மதர்போர்டுகளில் டிடிஆர்4 ஏற்கும் வகைகள் கிடைக்கும், ஆகவே பழைய ராமை அப்படியே எடுத்துச் செல்லலாம். உள்ளமைந்த கிராபிக்ஸோடு வருபவற்றில் குவிக் சிங்க் என்கோடரும் கூடவே வருகிறது. எண்ணின் முடிவில் எஃப் என்று இருந்தால் அது இருக்காது. இவ்வளவு இருந்தும் நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ஏஎம்4 போலவே இதுவும் முடிவுக்கு வந்துவிட்ட சாக்கெட். ஒரு முடிந்த தளத்திலிருந்து இன்னொரு முடிந்த தளத்துக்குக் குடிபெயர மதர்போர்டுக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. மேலும் 13, 14-ஆம் தலைமுறையின் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவு ஏற்பட்டதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யாது. எனவே அந்தத் தலைமுறைகளில் பயன்படுத்திய பிராசசரை வாங்குவது சூதாட்டம்.

புதிய பிராசசர் போட்ட பிறகு நேரலை முன்பைவிட மோசமாகிவிட்டதாகச் சிலர் வருந்துவதுண்டு. இது கற்பனையல்ல. பழைய பிராசசர் கார்டுக்குப் போதிய வேலை தராமல் தடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் ஓபிஎஸ் காட்சியைக் கோத்துக்கொண்டிருந்தது. புதிய பிராசசர் கார்டை 99 சதவீதத்துக்குத் தள்ளிவிட, ஓபிஎஸ்ஸுக்கு இடமில்லாமல் போய் ரெண்டரிங் தாமதம் ஏறுகிறது. விளையாட்டுக்குள் பிரேம் விகிதத்துக்கு ஒரு வரம்பு வைத்து, கார்டை 90 சதவீதத்துக்குக் கீழே நிறுத்திவிட்டால் தீர்ந்துவிடும். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் திறந்தால் விண்டோஸ் அதற்குக் கிராபிக்ஸில் முன்னுரிமை தரும், இதுவும் உதவும்.

மாற்றும் வேலையில் வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும், ஏனென்றால் பழைய பயாஸ் உள்ள பி450-இல் 5000 வரிசையைப் பொருத்தினால் திரையே வராது. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், உங்கள் மாடலின் ஆதரவுப் பட்டியலில், வாங்கப்போகும் பிராசசரின் பெயருக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, அதையோ அதற்குப் பிந்தையதையோ ஏற்ற வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதி என்றால் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. அடுத்து, விண்டோஸில் வட்டிலுள்ள கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கிக்கொண்டிருந்தால் அதன் ரெகவரி கீயைத் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ரைசன் கணினிகளில் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் பாதுகாப்பு பிராசசரோடு சேர்ந்தே இருப்பதால், புதியது போட்டு முதல் முறை இயக்கும்போது அதை ரீசெட் செய்யலாமா என்று ஒய், என் இரண்டில் ஒன்றை அழுத்தச் சொல்லும் கறுப்புத் திரை வரும். கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தியவர்கள் தங்கள் கோப்புகளைத் திறக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள்.

கூலரைக் கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஏதாவது விளையாட்டில் ஓடவிட்டு, பிறகு அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பல ஆண்டுகள் ஆன தெர்மல் பேஸ்ட் இறுகிக் கூலரையும் பிராசசரையும் ஒட்டவைத்திருக்கும். சூட்டில் அது சற்று இளகும். கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்டதை உணர்ந்த பின்பே தூக்க வேண்டும். நேராக இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிய்ந்துகொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். 5700எக்ஸும் எக்ஸ்3டி இரண்டும் கூலர் இல்லாமலே வருகின்றன. 3600-உடன் வந்த சிறிய கூலர் எக்ஸ்3டிக்குப் போதாது. 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட சாதாரண டவர் கூலர் ஒன்று போதும், வாட்டர் கூலர் தேவையில்லை. எல்லாம் பொருத்தி விண்டோஸ் திறந்ததும், பயாஸ் புதுப்பித்ததில் எக்ஸ்எம்பி அணைந்துபோயிருக்கும் என்பதால், டாஸ்க் மேனேஜரில் ராம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.